பேட்டரிக் கணக்கு இல்லாமல் மைலேஜ் சொல்லாதீர்கள்

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். என் பிழைப்பே வண்டிகளை ரோலர் மேல் ஏற்றி ஓடவிட்டு அளப்பது என்பதால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கூட வந்திருக்கிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஓட ஆரம்பித்தபோது பேட்டரியில் எவ்வளவு இருந்தது, நிறுத்தியபோது எவ்வளவு மிச்சம்? அது தெரியாமல் சொல்லும் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. கேட்டவர் முகம் சுளிப்பார், சாம்பார் வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஆனால் இந்தச் சிக்கலின் கதை பழையது. 1974-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் என்ற ஊரில் இருக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வாகன ஆய்வகத்துக்கு ஒரு பியூக் ஸ்கைலார்க் வந்தது. பார்க்க 1972 மாடல் சாதாரண அமெரிக்கக் கார். பானெட்டைத் திறந்தால்தான் விஷயம். பெரிய அமெரிக்க எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் மாஸ்டா ஆர்எக்ஸ்-2 காரின் சின்ன ரோட்டரி எஞ்சின் (மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் கொண்டது), கூடவே 20 கிலோவாட் டிசி மோட்டார். அதோடு போலீஸ் கார்களில் போடுகிற கனமான 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் எட்டு. இதைச் செய்தவர்கள் விக்டர் வூக் என்ற மின் பொறியாளரும் சார்லஸ் ரோசன் என்ற வேதியியலாளரும். பெட்ரோ-எலெக்ட்ரிக் மோட்டார்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம் வைத்து, சொந்தப் பணத்தையும் போட்டுக் கட்டிய வண்டி இது. காரின் உடலை ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்தது.

வூக்கைப் பற்றி எனக்குப் பிடித்த தகவல் ஒன்று. கால்டெக் என்ற கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1942-ல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, பெட்ரோலைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் ஊற்றும்போது உருவாகும் நிலைமின்சாரத்தைப் பற்றியது. பெட்ரோலும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தே ஆளானவர் என்று சொல்லலாம். அப்புறம் மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவிகள் செய்யும் நிறுவனங்களை நடத்தினார். 1960-களின் தொடக்கத்தில் ஹென்னி கிலோவாட் என்ற மின்சாரக் காரை, அதாவது எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்த ரெனோ டாஃபினை, அவரிடம் கொண்டுவந்து பார்க்கச் சொன்னார்கள். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக்ஸை நன்றாகச் செய்துவிடலாம், பேட்டரிக்குத்தான் வழியில்லை என்று அவர் கண்டார். கணக்கு கொடூரமானது. ஒரு கிலோ ஈய-அமில பேட்டரியில் 30, 40 வாட்-மணி. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000. எஞ்சின் அதில் முக்கால்வாசியை வெப்பமாக வீணடித்தாலும் பேட்டரி பக்கத்தில்கூட வர முடியாது. பேட்டரியை மட்டும் நம்பி ஓட்டினால் தூரம் போகாது, எஞ்சினை மட்டும் நம்பினால் புகை. அப்படியானால் இரண்டையும் ஒரே வண்டியில் வைப்போம் என்பதுதான் அவர் வந்து சேர்ந்த இடம்.

1970 இறுதியில் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத் திருத்தம் வந்தது. கார்களின் மாசை 90 சதவீதம் குறைக்கச் சொன்ன சட்டம். ஒரு மைலுக்கு ஹைட்ரோகார்பன் 0.41 கிராம், கார்பன் மோனாக்சைடு 3.4 கிராம், நைட்ரஜன் ஆக்சைடுகள் 0.4 கிராம் என்று இலக்கு வைத்தார்கள். டெட்ராய்ட் நகரின் பெரிய கார் நிறுவனங்கள் முடியவே முடியாது என்று கத்தின. அதே காலத்தில் தூய்மையான கார்களை ஊக்குவிக்க அரசு ஒரு திட்டமும் போட்டது: யார் வேண்டுமானாலும் புரோட்டோடைப் கொண்டு வரலாம், சோதித்துப் பார்ப்போம், தேறினால் அடுத்த கட்டமாக இன்னும் சில வண்டிகள் வாங்குவோம். வூக்கும் ரோசனும் இதை நம்பித்தான் இறங்கினார்கள்.

சரி, சோதனைக்கு வருவோம்.

கார் புகையை அளப்பது என்றால் சைலன்சரில் ஒரு குழாயைச் செருகிப் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள் (நம் ஊர் புகைச் சான்றிதழ் கடைகள் செய்த புண்ணியம்). உண்மையான சோதனை வேறு மாதிரி. வண்டியை 12 மணி நேரத்துக்குக் குறையாமல் 20 முதல் 30 டிகிரி வெப்பநிலையில் சும்மா நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு போய் டைனோவின், அதாவது கார் நின்ற இடத்திலேயே சக்கரம் ஓடும்படி செய்யும் சோதனைக் கருவியின், ரோலர் மேல் நிறுத்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினை அங்கேதான் கிளப்புவது. முன்னால் ஓடும் வரைபடத்தில் எந்த நொடியில் எந்த வேகம் என்று கோடு போட்டிருக்கும், டிரைவர் அந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று திரையில் வரும், அன்று காகிதச் சுருளில் வரும். இந்த வேகக் கோட்டைத்தான் சுழற்சி என்போம். அமெரிக்காவின் நகரச் சுழற்சி லாஸ் ஏஞ்சல்ஸ் சாலைகளில் மக்கள் வேலைக்குப் போகும் ஓட்டத்தை வைத்துச் செய்தது. 1975 மாடல்களுக்காக வந்த வடிவத்தில் மொத்தம் 17.77 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர், உச்சம் 91. நடுவே பத்து நிமிடம் எஞ்சினை அணைத்துவிட்டு, முதல் 505 நொடிகளைச் சூடான எஞ்சினோடு திரும்ப ஓட்ட வேண்டும். இவ்வளவு நேரமும் வெளிவரும் புகை முழுவதும் காற்றோடு கலக்கப்பட்டு, அதில் ஒரு பங்கு பைகளில் சேரும். கடைசியில் அந்தப் பைகளைத்தான் பகுப்பாய்வுக் கருவிகள் மோப்பம் பிடிக்கும்.

பெட்ரோல் காருக்கு இந்த முறை பொருந்தும், ஏனென்றால் பெட்ரோல் காரில் ஆற்றல் வர ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. தொட்டியிலிருந்து போனதெல்லாம் குழாய் வழியே வந்தாக வேண்டும்.

ஹைப்ரிட்டில் அந்த நேர்மை உடைந்துவிடுகிறது. பேட்டரி என்பது மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி. இன்றைக்குக் காசே கொடுக்காமல் பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு போகலாம், நோட்டைப் பார்க்காதவனுக்கு எல்லாம் இலவசமாக வந்த மாதிரித்தான் தெரியும். எண்ணாகவே பார்ப்போம். உண்மையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் ஒரு ஹைப்ரிட் 17.77 கிலோமீட்டர் ஓட 0.89 லிட்டர் பெட்ரோல் வேண்டும். இப்போது சோதனையின்போது பேட்டரியிலிருந்து அரை யூனிட் மின்சாரம், அதாவது 0.5 கிலோவாட்-மணி, இறங்கிப்போய்த் திரும்பச் சேரவில்லை என்று வையுங்கள். அந்த அரை யூனிட்டை எஞ்சின் 30 சதவீதத் திறனில் கொடுத்திருந்தால் ஏறக்குறைய 0.19 லிட்டர் பெட்ரோல் செலவாகியிருக்கும். அது மிச்சமானதால் பெட்ரோல் செலவு 0.70 லிட்டர், மைலேஜ் 25-ஐத் தாண்டும். யாரும் திருடவில்லை, கருவிகள் எல்லாம் சரி, டிரைவரும் கோட்டிலேயே ஓட்டினார், ஆனால் எண் மட்டும் நாலில் ஒரு பங்கு பொய். இதையே தலைகீழாகவும் செய்யலாம்: காலி பேட்டரியோடு ஆரம்பித்தால் எஞ்சின் பாவம், காரையும் ஓட்டி பேட்டரியையும் நிரப்பி, ஒரு நல்ல வண்டி கேவலமான எண்ணோடு இறங்கும்.

அதனால்தான் 1999-ல் வந்த, அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்ஏஇ ஜே1711 என்ற சோதனை முறையில், ஓட்டத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே பேட்டரியில் ஏற்பட்ட மாற்றம், செலவான எரிபொருளின் ஆற்றலில் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். மேலே சொன்ன காருக்கு அந்த 1 சதவீதம் என்பது 0.08 யூனிட். எவ்வளவு சின்ன அளவு என்று பாருங்கள். பேட்டரி கேபிளைச் சுற்றி ஒரு மின்னோட்ட அளவி மாட்டி, நொடிக்குப் பல தடவை ஆம்பியரைக் கூட்டிக்கொண்டே போனால்தான் பிடிபடும். அந்த அளவியின் பூஜ்யம் கொஞ்சம் நகர்ந்திருந்தால் போச்சு. ஹைப்ரிட் வேலையில் என் பாதி நேரம் இந்தப் பூஜ்யத்தைச் சரிபார்ப்பதில்தான் போகிறது, இதைச் சொன்னால் வீட்டில் யாரும் மரியாதையாகப் பார்ப்பதில்லை.

1974-ல் இப்படி ஒரு பொதுவான முறையே கிடையாது. ஈய-அமில பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை வோல்டேஜைப் பார்த்துச் சொல்வதும் அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்துச் சொல்வதும் பட்டறைக்குப் போதும், கிராம் கணக்கில் புகை அளக்கும் ஆய்வகத்துக்கு அது ரொம்ப மொத்தையான அளவு.

டைனோவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அன்றைய டைனோவில் காரின் எடையைப் பிரதிபலிக்க இரும்புச் சக்கரங்களைச் சேர்த்துச் சுழலவிடுவார்கள். உருளுவது ஓட்டும் அச்சின் சக்கரங்கள் மட்டும், மற்ற இரண்டும் தரையில் சும்மா நிற்கும். ஸ்கைலார்க் பின்சக்கர ஓட்டம். நிஜச் சாலையில் பிரேக் பிடித்தால் காரின் பாரம் முன்னால் சாய்ந்து முன்சக்கரங்கள்தான் பெரும்பங்கு வேலையைச் செய்யும், அந்த ஆற்றல் பிரேக்கில் சூடாகிப் போய்விடும். ரோலரில் நிற்கும்போதோ முன்சக்கரம் சுழலவே இல்லை, நிறுத்துகிற வேலை முழுக்கப் பின்சக்கரத்தில். பிரேக் ஆற்றலை மோட்டார் வழியாகப் பேட்டரிக்குத் திருப்பும் எந்தப் பின்சக்கர ஹைப்ரிட்டும் சாலையில் கிடைப்பதைவிட இங்கே அதிகமாகப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெட்ரோல் காருக்கு ஒரு பொருட்டும் இல்லாத விஷயம் ஹைப்ரிட்டுக்குப் பரிசாகவோ தண்டனையாகவோ மாறிவிடுகிறது.

வூக்கின் வண்டி தந்த முடிவு பற்றி அவர் தரப்பு சொன்னது இது: அந்தக் காலத்துப் பெட்ரோல் கார் விடும் மாசில் சுமார் 9 சதவீதம்தான் விட்டது, மைலேஜ் மாற்றத்துக்கு முந்தைய பியூக்கைவிட இரு மடங்கு. ரோட்டரி எஞ்சினை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது லேசான காரியமில்லை. அந்த எஞ்சின் சின்னது, வழவழப்பாக ஓடும், நைட்ரஜன் ஆக்சைடு குறைவு, ஆனால் எரியாத ஹைட்ரோகார்பனை அள்ளித் துப்பும், பெட்ரோலையும் நன்றாகக் குடிக்கும். 1973 எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்காவில் மாஸ்டா அடிவாங்கியதே அதனால்தான். வூக் அதை எடுத்ததற்குக் காரணம் இடம். எஞ்சினும் மோட்டாரும் பேட்டரியும் ஒரே காருக்குள் அடங்க வேண்டுமே. அவருடைய தந்திரத்தை ஒரு பொறியாளராக நான் ரசிக்கிறேன்: கார்புரேட்டர் காலத்து எஞ்சின் மிகவும் அழுக்காவது ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போதும் விடும்போதும்தான். அந்தத் தூக்கிப் போடும் வேலையை மோட்டாரிடம் கொடுத்துவிட்டால் எஞ்சின் ஒரே சீராக ஓடலாம், சீராக ஓடும் எஞ்சினின் கலவையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எளிது. உச்ச வேகம் மணிக்கு சுமார் 137 கிலோமீட்டர் என்பதால் இது ஒன்றும் கோல்ஃப் மைதான வண்டி இல்லை.

முகமை அந்தக் காரை ஏற்கவில்லை. அங்கே வாகன மாசுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் எரிக் ஸ்டார்க். அவர் ஆரம்பத்திலிருந்தே ஹைப்ரிட்டுக்கு எதிரி, முடிவு முன்கூட்டியே எடுத்தாகிவிட்டது என்று வூக் கடைசி வரை சொன்னார். ஸ்டார்க்கும் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது கூட, கார்களுக்கு ஹைப்ரிட் நடைமுறைக்கு ஒத்துவராது என்ற பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. திட்டமே 1976-ல் மூடப்பட்டது.

இந்தக் கதையை இணையத்தில் படித்தால் எங்கும் வூக் நாயகன், ஸ்டார்க் வில்லன். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. ஸ்டார்க்கின் பிடிவாதம் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அவர் மேசையில் உட்கார்ந்து பாருங்கள். 1974-ல் கார்களில் மைக்ரோபிராசசர் கிடையாது. எஞ்சின் எப்போது எவ்வளவு, மோட்டார் எப்போது எவ்வளவு என்று நொடிக்கு நொடி முடிவெடுக்கும் மூளை கோடிக்கணக்கான வண்டிகளில் பத்து வருடம் கெடாமல் உழைக்குமா என்று கேட்டால் நேர்மையான பதில் "தெரியாது" என்பதுதான். எட்டு ஈய-அமில பேட்டரிகளை அடிக்கடி நிரப்பிக் காலி செய்தால் அவற்றின் ஆயுள் என்ன என்பதற்கும் நல்ல பதில் இல்லை. அதே நேரத்தில் வேறொன்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது: புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சைலன்சர் குழாயின் நடுவில் தேன்கூடு போன்ற பீங்கான், அதன் மேல் மெல்லிசாகப் பிளாட்டினம், அவ்வளவுதான். அசையும் பாகம் எதுவும் இல்லை. பெட்ரோலில் ஈயம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை அதை மாட்டிக்கொண்டு வெளிவந்தன. ஸ்டார்க் ஒருவர் நினைத்து ஹைப்ரிட்டை இருபது வருடம் தள்ளிப்போட்டார் என்பதை நான் நம்பவில்லை, அந்தப் பீங்கான் துண்டுதான் தள்ளிப்போட்டது. சட்டம் கேட்டது சுத்தமான புகையை. மைலேஜை அல்ல. புகைக்கு மலிவான விடை கிடைத்தபிறகு விலையுயர்ந்த விடை யாருக்கு வேண்டும்?

எனக்கு ஸ்டார்க் மேல் இருக்கும் கோபம் வேறு. ஒரு புரோட்டோடைப்பை, கடைக்கு வரப்போகும் காரைக் கேட்கும் அதே கேள்விகளால் கேட்கக் கூடாது. தேறியதா இல்லையா என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடுவது சான்றிதழ் தரும் ஆய்வகத்தின் பழக்கம். புரோட்டோடைப்பை வைத்து ஓட்ட வேண்டும், உடைக்க வேண்டும், திரும்ப ஓட்ட வேண்டும், எது எங்கே விழுகிறது என்று எழுத வேண்டும்.

அதைச் செய்யப் பணமும் பொறுமையும் உள்ளவர்கள் யார் என்றால், இருபது வருடம் கழித்து டொயோட்டாவில் இருந்தவர்கள். 1993-ல் தொடங்கி, பிறகு தக்கேஷி உச்சியமாடா தலைமையேற்று, கடைசியில் பிரியஸ் என்ற ஹைப்ரிட் காராக முடிந்த ஜி21 திட்டம் முதலில் ஹைப்ரிட்டே இல்லை. மேலிடம் மைலேஜை இரட்டிப்பாக்கச் சொன்னபிறகுதான் வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் திரும்பினார்கள். 1995 நவம்பரில் முதல் புரோட்டோடைப் தயாரானது. 49 நாட்கள் அது நகரவே இல்லை! மின்சாரக் கோளாறா, இயந்திரக் கோளாறா, மென்பொருளா என்று ராத்திரி பகலாகத் தேடி, டிசம்பர் கடைசியில் ஒருவழியாக நகர்ந்தது, சுமார் 500 மீட்டர் போய் நின்றுவிட்டது. அடுத்த கட்டத்தில் பேட்டரி சூடானாலும் பிரச்சினை, குளிர்ந்தாலும் பிரச்சினை. மேலதிகாரிகள் ஓட்டிப்பார்க்க வந்தபோது பக்கத்து சீட்டில் ஒரு பொறியாளர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பேட்டரியின் வெப்பநிலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். அந்தச் சீட்டின் அவஸ்தை எனக்குத் தெரியும். பெரியவர் உற்சாகமாக மிதிப்பார், நாம் சிரித்துக்கொண்டே எண்ணைப் பார்த்து மனசுக்குள் கும்பிடுவோம்.

இந்த வண்டி ஆன் ஆர்பருக்குப் போயிருந்தால் வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. வூக்கின் பியூக்காவது ஓடியது. ஆனால் டொயோட்டாவில் அது தோல்வி என்று எழுதப்படவில்லை. தலைவர் ஒக்குடா ஹிரோஷி வெளியீட்டுத் தேதியை 1997 டிசம்பருக்கு முன்னால் இழுக்கவே செய்தார், எனக்கு அது இன்றும் பைத்தியக்காரத்தனமாகத்தான் படுகிறது. சொன்னபடி பிரியஸ் அந்த மாதமே ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்ற ஜப்பானியச் சோதனை எண்ணோடு.

அந்த முதல் தலைமுறை பிரியஸில் ஒரு சமாச்சாரம் உண்டு, டேஷ்போர்டில் ஆமை படம் போட்ட விளக்கு. நீண்ட மலையேற்றத்தில் பேட்டரி காலியாகி, மோட்டாரின் உதவி போய், சின்ன எஞ்சின் மட்டும் காரை இழுக்கும் நிலை வந்தால் ஆமை எரியும். உலகத்தின் மிக நேர்மையான எச்சரிக்கை விளக்கு அதுதான் என்பேன். ஏனென்றால் நகரச் சுழற்சியில் ஹைப்ரிட்டின் பலவீனம் தெரியவே தெரியாது. நின்று நின்று போகும் தெருவில் பேட்டரி இறங்கி இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில்தான் ஏறாமல் இறங்கும். யாராவது ஹைப்ரிட் புரோட்டோடைப் ஒன்றைக் கொடுத்து ஒரே ஒரு சோதனைதான் செய்யலாம் என்று சொன்னால் நான் ரோலரைத் தொடமாட்டேன். நாலு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு நீண்ட மலைப்பாதையில் ஏற்றுவேன், மேலே போய்ச் சேரும் முன் மின் உதவி எந்த இடத்தில் விலகுகிறது, விலகும்போது டிரைவருக்குத் திடுக்கென்று இருக்கிறதா என்று பார்ப்பேன். வூக்கின் 20 கிலோவாட் மோட்டாரும் ஈய-அமில பேட்டரிகளும் அங்கே என்ன செய்திருக்கும் என்பதுதான் எனக்கு உண்மையான கேள்வி. ஆன் ஆர்பர் ரோலரில் மலை கிடையாது.

சோதனை முறைகளும் பிற்பாடு மாறின. பிரியஸ் அமெரிக்காவுக்குப் போனபோது அதே முகமை கொடுத்த எண் நகரத்தில் காலனுக்கு 52 மைல், நெடுஞ்சாலையில் 45. நகரத்தில் அதிகம் என்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்தவர்கள் உண்டு. வாங்கியவர்களில் நிறையப் பேர் அந்த 52-ஐ வாழ்நாளில் பார்க்கவில்லை. 2008 மாடல்களிலிருந்து முகமை கணக்கிடும் முறையையே மாற்றியது: ஏசி போட்ட ஓட்டம், குளிர்கால ஓட்டம், வேகமாக மிதிக்கும் ஓட்டம் எல்லாம் கணக்கில் வந்தன. பழைய கார்களுக்கும் புதிய முறைப்படி எண்களைத் திருத்திப் போட்டார்கள். முதல் தலைமுறை பிரியஸுக்கு 52 என்பது 42 ஆனது, 45 என்பது 41 ஆனது. அடிபட்டது ஹைப்ரிட்கள்தான் அதிகம். எஞ்சினை அணைத்து வைத்தே மிச்சம் பிடிக்கும் காரில் ஏசிக்காகவும் ஹீட்டருக்காகவும் எஞ்சினை ஓட விட்டால் மிச்சம் எங்கிருந்து வரும்?

ஆகவே பந்தியில் என் பக்கத்தில் உட்கார்கிறவர்களுக்கு: உங்கள் ஊரில் ஏற்றம் எவ்வளவு, ஏசி எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை சிக்னல் என்று சொல்லுங்கள், நான் ஒரு எண் சொல்கிறேன். கொஞ்சம் குறைவாகத்தான் சொல்வேன்.